‘எல்லாம் பாஸ்... ஆனா கிரேடு ஏன் குறைஞ்சுது?’ - பொறியியல் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மதிப்பெண் கணக்கு

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது சிலமலை. விடிவதற்கு முன்பே இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு மலைச்சாலையில் ஏறி, கேரள எல்லையைத் தாண்டி, ஏலத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே சாலையில் கல்லூரிப் பையோடு பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பார்கள். மேலச்சொக்கநாதபுரத்தில் அரசு பொறியியல் கல்லூரி 2012-ல் வந்த பிறகு, மதுரைக்கோ கோவைக்கோ அனுப்ப வசதியில்லாத வீடுகளிலும் ‘பி.இ.’ என்பது கைக்கெட்டும் படிப்பாகிவிட்டது. 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு வந்தது. அதற்குப் பிறகு கதவு இன்னும் கொஞ்சம் அகலமானது.

உள்ளே நுழைவது பற்றி எல்லோரும் பேசுகிறோம். கட்-ஆஃப், கவுன்சலிங், சாய்ஸ் ஃபில்லிங் என்று மே மாதம் தொடங்கினால் இரண்டு மூன்று மாதத்துக்கு இதுதான் பேச்சு. உள்ளே போன பிறகு எப்படி மதிப்பெண் போடுவார்கள் என்பதைப் பற்றி மட்டும் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. ரிசல்ட் வரும் நாளில் தோட்டத்திலிருந்து திரும்பும் அம்மா கேட்பது ஒரே கேள்வி: “என்னய்யா, எல்லாம் பாஸாயிருச்சா?” பையனும் “ஆமாம்மா, ஆல் கிளியர்” என்பான். இரண்டு பேருக்கும் அத்தோடு விஷயம் முடிந்துவிடும்.

ஆனால் முடியவில்லை. எல்லாப் பாடத்திலும் ‘சி’ கிரேடு வாங்கினாலும் ஆல் கிளியர்தான். அப்போது சிஜிபிஏ 5.0. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் பல ஐடி நிறுவனங்கள் கேட்பது 60 சதவீதம் அல்லது 6 சிஜிபிஏ. நான்கு வருடமும் ஒரு அரியர்கூட வைக்காத பையன், ஆன்லைன் படிவத்தின் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுவான்.

*கிரேடு என்றால் மதிப்பெண்தானே?*

முன்பு அப்படித்தான் இருந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன் 2017-ல் 91 எடுத்தால் ‘ஓ’, 81 எடுத்தால் ‘ஏ பிளஸ்’ என்று ஒரு நிலையான அட்டவணை. பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு எடுத்தார் என்பது உங்கள் கிரேடைத் தொடாது.

இணைவுக் கல்லூரிகளில் 2021-22 கல்வியாண்டில் சேர்ந்தவர்களுக்கு வந்த ரெகுலேஷன் 2021 இதை மாற்றியது. ‘ரிலேட்டிவ் கிரேடிங்’, அதாவது ஒப்பீட்டு முறை. ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களின் மதிப்பெண்களை மட்டும் தனியே எடுத்து ஒரு மென்பொருளில் போடுகிறார்கள். அந்தப் பாடத்துக்கு, அந்தத் தேர்வுக்கு, எந்த மதிப்பெண்ணிலிருந்து ‘ஓ’, எதிலிருந்து ‘ஏ’ என்பதை அது கணக்கிட்டுச் சொல்லும். மாணவர் எண்ணிக்கை 30 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மட்டும் நிலையான அட்டவணை: 91 முதல் ஓ, 81 முதல் ஏ பிளஸ், 71 முதல் ஏ, 61 முதல் பி பிளஸ், 56 முதல் பி, 50 முதல் சி.

போடிக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க வகுப்பே எடுக்க வேண்டியதில்லை. ஏலக்காயைச் சல்லடையில் சலித்து 8 மி.மீ., 7 மி.மீ. என்று பிரிக்கிறோம் இல்லையா, அது பழைய முறை. யார் தோட்டத்துக் காயாக இருந்தாலும் சல்லடைக் கண் மாறாது. அதே காய் ஏல மையத்துக்குப் போனால் கதை வேறு. அன்றைக்கு என்னென்ன சரக்கு வந்திருக்கிறது, எவ்வளவு வந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் விலை. உங்கள் காய் மாறவில்லை, பக்கத்து மூட்டைகள் மாறிவிட்டன. புதிய முறை கிட்டத்தட்ட இந்த இரண்டாவது வகை.

கேள்வித்தாள் கடுமையாக இருந்து தேறியவர்களில் பெரும்பாலோர் 50-லிருந்து 65-க்குள் நின்றுவிட்டால், 72 எடுத்த மாணவி மேலே போய் நிற்பார். பழைய கணக்கில் ‘ஏ’, புதிய கணக்கில் அதைவிட நல்ல கிரேடு கிடைக்கலாம். எளிதான தாளில் எல்லோரும் 80-ஐத் தொட்டால் அதே 72 கீழே இறங்கிவிடும். “போன செமஸ்டர்ல இதே மார்க்குக்கு ஏ வந்துச்சு, இப்ப பி பிளஸ் வந்துருக்கு, ஏதோ தப்பு நடந்துருக்கு” என்று நண்பர்கள் வட்டத்தில் வரும் புகார்களில் பாதிக்கு விடை இதுதான்.

மென்பொருள் பயன்படுத்தும் கணித முறைக்குப் பெயர் பாக்ஸ்-காக்ஸ் உருமாற்றம். ஜார்ஜ் பாக்ஸ், டேவிட் காக்ஸ் என்ற இரண்டு புள்ளியியல் அறிஞர்கள் 1964-ல் முன்வைத்தது. மதிப்பெண்கள் ஒரு பக்கமாகக் குவிந்து கிடந்தால், அதை நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும் மணி வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலை அது. அதற்குப் பிறகே கிரேடுக்கான கோடு கிழிக்கப்படுகிறது. (இதையே நான்காவது செமஸ்டர் புள்ளியியல் தாளில் கேள்வியாகக் கேட்டால் எத்தனை பேர் தேறுவோம் என்பது தனி விஷயம்.)

ஒரு பயம் மட்டும் வேண்டாம். ‘மற்றவன் நல்லா எழுதுனா நான் ஃபெயில் ஆயிடுவேனா?’ என்றால், ஆக மாட்டீர்கள். தேர்ச்சிக்கான கோடு நிலையானது. ஒப்பீடு தொடங்குவதே தேறிய பிறகுதான்.

*அப்போ தேர்ச்சிக்கு எவ்வளவு வேண்டும்?*

இங்கேதான் பெரிய மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. ரெகுலேஷன் 2017-ல் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 20, செமஸ்டர் தேர்வு 80. ரெகுலேஷன் 2021-ல் இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. லேப் என்றால் இன்டர்னல் 60, தேர்வு 40. தியரியும் லேபும் சேர்ந்த பாடத்துக்குப் பாதிக்குப் பாதி.

தேர்ச்சிக்கு இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். செமஸ்டர் தேர்வில் மட்டும் 45 சதவீதம், அதாவது 60-க்கு 27. இரண்டும் சேர்ந்து 100-க்கு 50.

இந்த இரண்டையும் சேர்த்து ஒரு கணக்கு போடுங்கள். இன்டர்னலில் 23 வைத்திருந்தால், தேர்வில் குறைந்தபட்சமான 27 எடுத்தாலே 50 வந்துவிடும். 23-க்கு மேல் எவ்வளவு வைத்திருந்தாலும் தேர்வில் 27-க்குக் குறைய முடியாது. இன்டர்னலில் 38 வாங்கிவிட்டு, தேர்வில் 26 எடுத்தால் மொத்தம் 64, ஆனாலும் அரியர்தான். ‘இன்டர்னல் ஃபுல்லா இருக்கு, பாஸ் பண்ணிடலாம்’ என்று நினைப்பவர்கள் விழுவது இந்தப் பள்ளத்தில்.

23-க்குக் கீழே போனால் நிலைமை தலைகீழ். இன்டர்னல் 15 என்றால் தேர்வில் 60-க்கு 35 வேண்டும். விடைத்தாள் திருத்தப்படுவது 100-க்கு என்பதால், அது 58-க்கும் மேல். இன்டர்னல் 10 என்றால் 60-க்கு 40, அதாவது விடைத்தாளில் 67. பழைய முறையில் இன்டர்னலில் இதே கால் பங்கு, 20-க்கு 5, வைத்திருந்த மாணவருக்கு 80-க்கு 45 போதும். விடைத்தாளில் சுமார் 56. வகுப்பில் பின்தங்கியவருக்குக் கடைசி மூன்று மணி நேரத்தில் மீண்டு வரும் பாதை புதிய முறையில் நன்றாகவே செங்குத்தாகிவிட்டது.

*அந்த 40 எங்கிருந்து வருகிறது?*

ஒரு செமஸ்டருக்கு இரண்டு மதிப்பீடுகள். ஒவ்வொன்றும் 100 மதிப்பெண். அதில் எழுத்துத் தேர்வுக்கு 60. அசைன்மென்ட், செமினார், கேஸ் ஸ்டடி, மினி பிராஜெக்ட் போன்றவற்றுக்கு 40. ஆக மொத்தம் 200. அதை 40-க்குச் சுருக்குகிறார்கள்.

அதாவது ஒரு முறை அசைன்மென்ட் பகுதியை முழுசாகத் தவறவிட்டால் கைவிட்டுப் போவது 8 இன்டர்னல் மதிப்பெண். ஒரு இன்டர்னல் டெஸ்ட்டுக்கே போகாவிட்டால் 12. நீங்கள் 23-ல் நிற்கும் மாணவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 8-ஐ இழந்தால், ஈடுகட்ட விடைத்தாளில் கூடுதலாக 13 மதிப்பெண்ணுக்கு மேல் வேண்டும். செமஸ்டர் கேள்வித்தாளில் ஏ பிரிவில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து, பி பிரிவில் 13 மதிப்பெண் கேள்விகள் ஐந்து, சி பிரிவில் 15 மதிப்பெண் கேள்வி ஒன்று. ஒரு அசைன்மென்ட்டின் விலை ஒரு முழு 13 மார்க் கேள்வி!

இது சிலமலை பக்கம் ஏன் முக்கியம்? காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களும் ஒற்றைப்படை செமஸ்டர் நடக்கும் மாதங்களும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அம்மா இருட்டில் ஜீப் ஏறி இருட்டிய பிறகு திரும்பும் வீட்டில், தம்பி தங்கையைப் பள்ளிக்கு அனுப்புவது, அடுப்பு பார்ப்பது எல்லாம் கல்லூரியில் படிக்கும் மூத்த பிள்ளை தலையில்தான் விழும், அதிலும் பெண் பிள்ளையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். தேர்வு என்றால் வீடு விட்டுக்கொடுக்கும். ‘நாளைக்குப் பரீட்சை’ என்ற சொல்லுக்கு எல்லா வீட்டிலும் மரியாதை உண்டு. ‘நாளைக்கு அசைன்மென்ட் சப்மிஷன்’ என்பதற்கு அந்த மரியாதை இன்னும் வரவில்லை. ஆனால் மதிப்பெண் அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கிறது. விதி மாறியது கல்லூரிக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியாது.

வருகைப்பதிவும் இதோடு சேர்ந்தது. 75 சதவீதம் வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையில் இருந்தால் மருத்துவக் காரணம் போன்றவற்றைச் சான்றோடு காட்டித் தேர்வு எழுத அனுமதி பெறலாம். 65-க்கும் கீழே என்றால் தேர்வு எழுத முடியாது, அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும்.

*இன்டர்னலைக் கூட்டியது தப்பா?*

தப்பு என்று சொல்ல மாட்டேன். மூன்று மணி நேரத் தேர்வு ஒன்றை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2017 ஏப்ரல்-மே செமஸ்டர் தேர்வுக்குப் பிறகு 3,02,380 பேர் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தார்கள். அதில் 73,733 பேர் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய நான்கில் ஒருவர். இதில் பணம் கைமாறியதாக 2018 ஆகஸ்ட்டில் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. ‘வெளியில் திருத்தினால் நியாயமாக இருக்கும்’ என்ற நம்பிக்கையே அன்றைக்கு ஆட்டம் கண்டது.

பிறகு கொரோனா. 2020 ஆகஸ்ட்டில், தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தாலே அரியர் தேர்ச்சி என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தபோது மாணவர்கள் போஸ்டர் ஒட்டிக் கொண்டாடியது நினைவிருக்கும். ஏஐசிடிஇ எதிர்த்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. தேர்வே நடத்தாமல் தேர்ச்சி அறிவிப்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தக் கொண்டாட்டத்தை மீம் போட்டுச் சிரித்தவர்கள், ஒரு பாடத்தில் சிக்கி வருடக்கணக்கில் நிற்பவருக்கு அது எவ்வளவு பெரிய மூச்சு என்பதை யோசிக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆக, செமஸ்டர் முழுக்க நடக்கும் வேலைக்கும் மதிப்பு கொடுப்பது நல்ல யோசனையே. சிக்கல் வேறு இடத்தில். 40 மதிப்பெண் கல்லூரிக்குள்ளேயே முடிவாகும்போது, அது எப்படிப் போடப்படுகிறது என்பது முன்கூட்டியே எழுத்தில் தெரிய வேண்டும். அசைன்மென்ட்டுக்கு எதற்கு எத்தனை மதிப்பெண், தாமதமானால் எவ்வளவு குறையும், உடம்பு சரியில்லாமல் டெஸ்ட்டைத் தவறவிட்டால் மறுவாய்ப்பு உண்டா? இவற்றை முதல் வாரமே தாளில் அடித்துக் கொடுக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். கடைசி வாரம்வரை வாயே திறக்காதவர்களும் இருக்கிறார்கள்.

*வெளியில் எப்படி?*

ஒப்பீட்டு முறை நமக்குப் புதிதே தவிர உலகத்துக்கு அல்ல. ஐஐடிகளில் ஆசிரியரே வகுப்பின் நிலையைப் பார்த்து கிரேடு கோடு கிழிப்பது நீண்டகால வழக்கம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004-ல் ‘ஏ’ வகை கிரேடுகள் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. பக்கத்து இருக்கையில் இருப்பவரைப் போட்டியாளராகப் பார்க்கும் மனநிலை வளர்கிறது என்ற விமர்சனம் தொடர்ந்து வந்தது. 2014-ல் அதைக் கைவிட்டார்கள். நம் ஊரில் நோட்ஸை ஜெராக்ஸ் போட்டுப் பகிர்ந்துகொள்ளும் ஹாஸ்டல் கலாசாரத்தை நினைத்தால் இந்த உதாரணம் கொஞ்சம் உறுத்துகிறது.

எம்ஐடி செய்வது வேறு மாதிரி. முதல் செமஸ்டரில் கிரேடே கிடையாது. தேறினால் தேர்ச்சி என்று மட்டும் பதிவாகும். தேறாவிட்டால் அந்தப் பாடம் வெளியே போகும் சான்றிதழில் இருக்காது. பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும் பிள்ளைக்குப் பழக அவகாசம் வேண்டும் என்பதுதான் காரணம். உலகின் மிகச்சிறந்த பள்ளிகளிலிருந்து வருபவர்களுக்கே அந்த அவகாசம் தேவைப்படுகிறது என்றால், தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு, முதல் நாளே ஆங்கிலத்தில் மேட்ரிக்ஸ் பாடம் கேட்கும் சிலமலை பிள்ளைக்கு எவ்வளவு தேவைப்படும்? நம் முறையில் முதல் செமஸ்டர் கிரேடும் கடைசி செமஸ்டர் கிரேடும் சிஜிபிஏவில் ஒரே தராசில்தான் நிறுக்கப்படுகின்றன. இந்த இடத்தில் பல்கலைக்கழகம் யோசிக்கலாம் என்பது என் கருத்து.

*சிஜிபிஏவில் கவனிக்க வேண்டியது என்ன?*

கிரெடிட். ஓ-வுக்கு 10 புள்ளி, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5. ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். நான்கு கிரெடிட் கணிதத்தில் ‘சி’, ஒரு கிரெடிட் ‘தமிழர் மரபு’ பாடத்தில் ‘ஓ’ என்றால் சராசரி ஏழரை வராது, 6 தான். பெரிய கிரெடிட் பாடத்தில் சரிந்ததைச் சின்னப் பாடத்தில் தூக்கி நிறுத்த முடியாது.

இன்னொரு ஏமாற்றும் விஷயம்: ‘யு’ வாங்கிய பாடம், அதாவது அரியர், சிஜிபிஏ கணக்கில் சேராது. மூன்று அரியர் வைத்திருப்பவரின் சிஜிபிஏகூட 7.4 என்று அழகாகத் தெரியலாம். அதைப் பார்த்து வீடும் நிம்மதியாகிவிடும். பாடத்தை முடித்து, வாங்கிய கிரேடு உள்ளே வரும்போதுதான் எண் இறங்கும். ரெகுலேஷன் 2021-ன்படி முதல் வகுப்புக்கு 6.50 வேண்டும், ஐந்து ஆண்டுக்குள் முடித்திருக்க வேண்டும். முதல் வகுப்பு டிஸ்டிங்ஷனுக்கு 8.50, அதுவும் எல்லாப் பாடத்தையும் முதல் முயற்சியிலேயே.

*சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?*

செமஸ்டர் தேர்வு என்றால் வழி தெளிவு. முதலில் விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பித்து வாங்குங்கள். பாட ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். மதிப்பெண் கூடும் என்று அவர் சொன்னால் கல்லூரி வழியாக மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். லேபுக்கும் பிராஜெக்டுக்கும் இது கிடையாது.

இன்டர்னலுக்கு மறுமதிப்பீடு என்று ஒன்று இல்லை. அதனால் கேட்பதை முன்னாலேயே கேட்க வேண்டும். அதற்கு விதியிலேயே ஒரு இடம் இருக்கிறது: வகுப்புக் குழு. பாட ஆசிரியர்களும் மாணவப் பிரதிநிதிகளும் சேர்ந்தது. அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஆசிரியர் ஒருவர் தலைவர். செமஸ்டர் தொடக்கத்திலேயே கூடி, மதிப்பீடு எப்படி நடக்கும், எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை மாணவர்களுக்குச் சொல்வது இதன் வேலைகளில் ஒன்று. பல வகுப்புகளில் யார் பிரதிநிதி என்பதே மற்றவர்களுக்குத் தெரியாது. கையெழுத்து வாங்கும் சடங்காகப் போய்விட்ட கூட்டம்தான், ஆனால் “மேடம், அசைன்மென்ட்டுக்கு மார்க் எப்படிப் பிரிக்கிறீங்க?” என்று அங்கே கேட்டால் அது கூட்டக் குறிப்பில் ஏறும். வராந்தாவில் கேட்டால் ஏறாது.

மேலே சொன்ன எண்கள் ரெகுலேஷன் 2021 மாணவர்களுக்கு. அதில் சேர்ந்த முதல் அணி 2025-ல் பட்டம் வாங்கிவிட்டது. 2025-26-ல் சேர்ந்தவர்களுக்கு ரெகுலேஷன் 2025. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்களுடைய சொந்த விதிகள். பெயர் எதுவாக இருந்தாலும் முதல் வாரத்தில் பார்க்க வேண்டிய பக்கங்கள் மூன்றுதான்: இன்டர்னல் எவ்வளவு, தேர்வில் தனியாக எவ்வளவு எடுக்க வேண்டும், கிரேடு யாரோடு ஒப்பிட்டுப் போடப்படுகிறது. பிடிஎஃப் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது. அம்மாவுக்கு அதில் ஒரு வரியை மட்டும் தமிழில் படித்துக் காட்டினாலும் போதும்: அசைன்மென்ட்டும் பரீட்சைதான்.